கோடு போட்டால் இணைப்பாகிவிடுமா? – விமான வலைப்பின்னல் ஆய்வுகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கறுப்புப் பின்னணியில் ஓர் உலக வரைபடம். அதில் ஊருக்கு ஊர் வளைந்து போகும் மஞ்சள் கோடுகள். ஐரோப்பாவும் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் தீபாவளி ராத்திரி மாதிரி ஜொலிக்கும். ஆப்பிரிக்காவின் நடுப்பகுதி கரண்ட் போன தெரு மாதிரி இருண்டு கிடக்கும். இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். கீழே "உலகத்தின் நரம்பு மண்டலம்" என்பது போல ஒரு வரியும் இருந்திருக்கும்.

நானும் அந்தப் படத்தை வரைந்தவன்தான். ஓபன்ஃப்ளைட்ஸ் தளத்தில் தரவு இலவசமாகக் கிடைக்கிறது: 548 விமான நிறுவனங்கள், 3,321 விமான நிலையங்கள், 67,663 வழித்தடங்கள். பைத்தானில் முப்பது நாற்பது வரி எழுதினால் படம் வந்துவிடும். அந்த வழித்தடத் தரவு 2014 ஜூனோடு நின்றுபோனது என்பதைப் படம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அடியில் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை.

படம் போட்ட கையோடு ஒரு சின்ன நிரலும் எழுதினேன். இரண்டு ஊர் பெயர் கொடுத்தால், குறைந்தபட்சம் எத்தனை விமானம் ஏற வேண்டும் என்று சொல்லும். அப்போது என் சித்தி பையன் படிப்புக்காக ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊருக்குப் போகவேண்டியிருந்தது. திருச்சியிலிருந்து மூன்று விமானம் என்றது நிரல். "மூணே மூணு ஃப்ளைட்டுடா, அவ்ளோதான்" என்று பெருமையாகச் சொன்னேன். அவன் கிடைத்த மலிவு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கிக்கொண்டு கிளம்பினான். முதல் விமானத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஓர் இரவு, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே இன்னோர் இரவு. வெளியே போக விசா இல்லை, பெட்டி கைக்கு வரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே தூக்கம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினான்: "அண்ணே, மூணு ஃப்ளைட்டுன்னுதான் சொன்னீங்க. ரெண்டு ராத்திரின்னு சொல்லவே இல்லையே."

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் தாமதமாக எழுதும் பதில்தான் இந்தப் பதிவு.

2005இல் வந்த ஒரு நல்ல ஆய்வு

இந்தத் துறையில் யார் எழுதினாலும் முதலில் மேற்கோள் காட்டும் ஆய்வுக்கட்டுரை ஒன்று உண்டு. ரோஜர் கிமெரா, லூயிஸ் அமரால் உள்ளிட்ட நான்கு பேர் எழுதி, 2005இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் பறந்த பயணிகள் விமானங்களின் அட்டவணையை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 3,883 ஊர்கள். நேரடி விமானம் இருக்கும் ஊர் ஜோடிகள் 27,051. ஊர் ஒரு கணு, நேரடி விமானம் இருந்தால் நடுவே ஒரு கோடு. இவ்வளவுதான் அடிப்படை.

முடிவுகள் சுவாரசியமானவை. ஏதாவது இரண்டு ஊர்களை எடுத்தால், சராசரியாக 4.4 விமானத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம். மிகமிகத் தூரமான ஜோடி ஃபாக்லாந்து தீவுகளின் மவுண்ட் பிளசன்ட்டும் பப்புவா நியூ கினியின் வாசு என்ற சிற்றூரும். அதற்கு 15 விமானம்.

அவர்களின் பெரிய கண்டுபிடிப்பு வேறு. ஒரு ஊருக்கு எத்தனை கோடுகள் என்பது ஒரு அளவு. உலகத்தில் உள்ள எல்லா ஊர் ஜோடிகளுக்கும் குறுகிய வழி கண்டுபிடித்து, அந்த வழிகளில் எத்தனை இந்த ஊரைத் தாண்டிப் போகின்றன என்று எண்ணுவது இன்னொரு அளவு. முதலாவதை இணைப்பு எண்ணிக்கை என்றும், இரண்டாவதை இடைநிலை மதிப்பு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் கூடவே வளரும் என்றுதான் அதுவரை இருந்த மாதிரிகள் எதிர்பார்த்தன. ஆனால் பாரிஸ், லண்டன் போன்ற ராட்சதர்களின் வரிசையில் அலாஸ்காவின் ஆங்கரேஜும் பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியும் வந்து உட்கார்ந்தன. கோடுகள் குறைவு, இடைநிலை மதிப்பு மிக அதிகம்.

காரணத்தையும் அவர்களே சொல்கிறார்கள். அலாஸ்காவில் மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவுக்கு விமான நிலையங்கள் அதிகம். சாலை இல்லாத ஊர்களுக்கு விமானமே பஸ். பக்கத்திலேயே கனடா இருந்தாலும் அங்கே கோடு போகாது. வெளியுலகத்துக்குப் போக ஆங்கரேஜ் வழியாகத்தான் போகவேண்டும். அதாவது புவியியல் மட்டும் வலைப்பின்னலைத் தீர்மானிப்பதில்லை, நாட்டு எல்லையும் அரசியலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இது நேர்மையான, கூர்மையான கவனிப்பு. அந்தக் கட்டுரையை இன்றும் மதிப்புடன்தான் படிக்கிறேன்.

என் சண்டை அந்தக் கட்டுரையோடு அல்ல. அதற்குப் பிறகு அதே சாவியை வைத்துக்கொண்டு எல்லாப் பூட்டையும் திறக்கக் கிளம்பியவர்களோடு. "எந்த விமான நிலையம் முக்கியம்?" என்ற கேள்விக்குக் கணுவையும் கோட்டையும் எண்ணிப் பதில் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கையில் குறைந்தது நான்கு ஓட்டைகள் இருக்கின்றன.

ஓட்டை ஒன்று: எல்லா ஜோடியும் சமமா?

இடைநிலை மதிப்பைக் கணக்கிடும்போது ஒவ்வொரு ஊர் ஜோடிக்கும் ஒரே எடை. லண்டன்–நியூயார்க் ஒரு ஜோடி. நூறு இருநூறு பேர் வாழும் அலாஸ்கா கிராமமும் பராகுவேயின் ஒரு சிறுநகரமும் இன்னொரு ஜோடி. முதல் ஜோடியில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பறக்கிறார்கள். இரண்டாவதில் ஒரு வருடத்தில் ஒருவராவது போவாரா என்பதே சந்தேகம். கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

ஆக ஆங்கரேஜ் மேலே ஏறியதற்கு, அலாஸ்கா தன் சின்ன ஊர்களையெல்லாம் தனித்தனிக் கணுவாகக் கணக்கில் கொண்டுவந்ததும் ஒரு காரணம். அது அலாஸ்காவைப் பற்றிய உண்மை. உலகத்தைப் பற்றிய உண்மையாக அதைப் படிக்கும்போதுதான் சிக்கல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கரேஜ் உண்மையிலேயே உலக அளவில் முக்கியமான நிலையம்தான். ஆனால் சரக்கில். கிழக்கு ஆசியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே பறக்கும் சரக்கு விமானங்கள் அங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றன. முழுத் தூரத்துக்கும் எரிபொருள் சுமந்தால் அந்த எடைக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும். வழியில் நிரப்பினால் சரக்கை முழுசாக ஏற்றலாம். அந்த ஆய்வு பயணிகள் அட்டவணையை மட்டுமே எடுத்தது. இந்தக் காரணம் அதில் வரவே வழியில்லை. பதில் ஒருவகையில் சரி, வழி வேறு. பரீட்சையில் விடை பொருந்திவிட்டதால் வாத்தியார் மார்க் போட்ட மாதிரி.

ஓட்டை இரண்டு: கோட்டில் கடிகாரம் இல்லை

என் சித்தி பையனைக் கவிழ்த்தது இதுதான். பெரிய விமான நிலையங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதன் உயிர்நாடியும் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஹப் என்ற யோசனையின் கவர்ச்சி எளிய கணக்கில் இருக்கிறது. 11 ஊர்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 55 வழித்தடம் வேண்டும். நடுவில் ஓர் ஊரை ஹப்பாக வைத்தால் 10 போதும். ஆனால் இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: ஒரு விமானத்தில் வந்தவர், நியாயமான நேரத்துக்குள் அடுத்ததில் ஏறவேண்டும்.

ஒரு கற்பனை நிலையத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 40 விமானம் வருகிறது, 40 விமானம் போகிறது. இறங்கி, சோதனை முடித்து, அடுத்த கேட்டுக்கு நடக்க ஒரு மணி நேரம் தேவை. மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க யாருக்கும் விருப்பமில்லை. எனவே உபயோகமான இடைவெளி இரண்டு மணி நேரம்.

விமானங்கள் 18 மணி நேரத்துக்குச் சீராகப் பரவியிருந்தால், வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் கிளம்பும் விமானங்கள் சராசரியாக 4.4. நாற்பதுக்கும் சேர்த்தால் சுமார் 178 இணைப்பு.

இப்போது அதே 40 விமானங்களை இரண்டு அலையாக மாற்றுங்கள். 20 விமானம் ஒரு மணி நேரத்துக்குள் வந்து குவிகிறது. ஒரு மணி நேரம் இடைவெளி. அடுத்த ஒரு மணி நேரத்தில் 20 விமானம் கிளம்புகிறது. யார் எந்த விமானத்தில் வந்திருந்தாலும் இருபதில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஒரு அலைக்கு 400, இரண்டு அலைக்கு 800. வந்த ஊருக்கே திரும்பும் ஜோடிகளைக் கழித்தாலும் 760.

அதே விமானங்கள், அதே ஊர்கள். வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. இணைப்பு மட்டும் நான்கு மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1973 ஏப்ரலில் ஃபெடெக்ஸ் மெம்ஃபிஸில் தொடங்கியது இந்தத் தத்துவத்தில்தான்: முதல் இரவில் 14 சிறு விமானங்கள், 25 நகரங்கள், 186 பொட்டலங்கள். எல்லாப் பொட்டலமும் ராத்திரியில் ஓரிடத்துக்கு வந்து, பிரிந்து, விடிவதற்குள் கிளம்பிவிடும். 1978இல் அமெரிக்கா விமானப் போக்குவரத்தின் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு, பயணிகள் விமான நிறுவனங்கள் இதே அலை முறையை அட்லாண்டா, டல்லாஸ், சிகாகோ போன்ற இடங்களில் பெரிதாக வளர்த்தன. துபாயில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் அலைமோதுவதன் ரகசியமும் இதே.

அலைக்கு விலையும் உண்டு. உச்ச நேரத்துக்கு ஏற்ற அளவில் ஓடுதளம், கேட், ஆட்கள் எல்லாம் வேண்டும். மற்ற நேரத்தில் எல்லாம் சும்மா கிடக்கும். இந்தச் செலவைக் குறைக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2002இல் சிகாகோவிலும் டல்லாஸிலும் அலைகளைக் கலைத்துச் சீராகப் பரப்பியது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே நிறுவனம் டல்லாஸ் உள்ளிட்ட தன் ஹப்களில் மறுபடி அலை முறைக்குத் திரும்பியது. எவ்வளவு பெரிய முடிவுகள் இவை! இரண்டில் எதுவும் நம் மஞ்சள் கோட்டுப் படத்தில் தெரியாது.

ஓட்டை மூன்று: கோடு எந்த வானத்தில் போகிறது?

ஹெல்சின்கியை எடுத்துக்கொள்வோம். ஃபின்லாந்து சின்ன நாடு. மக்கள்தொகை 56 லட்சம்தான். ஆனால் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால், ஐரோப்பாவிலிருந்து ஜப்பான், கொரியா, சீனா போகும் குறுகிய பாதை ஹெல்சின்கி பக்கமாகப் போய் ரஷ்யாவுக்கு மேல் நீள்கிறது. ஃபின்னேர் நிறுவனம் இந்த ஒரு சாதகத்தின் மேல் தன் வியாபாரத்தையே கட்டியது. ஹெல்சின்கி–டோக்கியோ சுமார் ஒன்பதரை மணி நேரம். ஒரே விமானம் போய்விட்டு ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் திரும்பி, அடுத்த நாள் அதே அலைக்குத் தயாராகிவிடும்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படை நுழைத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தடை போட்டன, பதிலுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. டோக்கியோவுக்கு வடதுருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போகவேண்டியதாயிற்று. பயணம் சுமார் 13 மணி நேரம். வரைபடத்தில் ஹெல்சின்கி–டோக்கியோ கோடு இன்றும் இருக்கிறது. அதன் பொருள் மட்டும் மாறிவிட்டது. எரிபொருள், கூடுதல் விமானிகள், அலையைத் தவறவிடும் விமானம் எல்லாம் சேர்ந்து, அந்த ஹப்பின் அடிப்படைக் காரணத்தையே காலி செய்துவிட்டன. ஃபின்னேர் தன் திட்டத்தையே திருப்பிப் போட்டு, வேறு திசைகளைத் தேடவேண்டியதாயிற்று. சீன நிறுவனங்களோ இன்றும் ரஷ்யாவுக்கு மேலேதான் பறக்கின்றன. ஆக ஒரே இரண்டு ஊருக்கு நடுவே, யார் பறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தூரமே வேறு.

பழைய கதையும் இதுதான். நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டர், அயர்லாந்தின் ஷானன் இரண்டும் ஒரு காலத்தில் அட்லாண்டிக் பயணத்தின் வாசல்கள். அன்றைய விமானங்களின் எரிபொருள் தொட்டி அவ்வளவுதான் தாங்கும். உலகின் முதல் டூட்டி ஃப்ரீ கடை 1947இல் ஷானனில் திறந்ததும் நிற்கும் பயணிகளை நம்பித்தான். நீண்ட தூரம் பறக்கும் ஜெட் வந்தது. கேண்டருக்கு மேலே விமானங்கள் நிற்காமல் போக ஆரம்பித்தன. ஊர் எங்கேயும் நகரவில்லை. தொட்டி பெரிதானது, அவ்வளவே.

ஓட்டை நான்கு: படத்தில் விமானமே இல்லை

வலைப்பின்னல் கட்டுரைகளில் ஒரு பிரபல சோதனை உண்டு. ஒரு பெரிய கணுவை அழித்துவிட்டு, மற்ற ஊர்களுக்கு இடையே குறுகிய வழி எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பது. ஒரே ஒரு ஹப்பை அழித்தால் சராசரி பெரிதாக மாறாது. வேறு வழி எப்போதும் இருக்கும். "வலைப்பின்னல் உறுதியானது" என்று முடிப்பார்கள்.

2025 மார்ச் 21 அன்று, பக்கத்துத் துணை மின்நிலையத்தில் தீப்பிடித்ததால் ஹீத்ரோ மூடப்பட்டது. 1,300க்கு மேற்பட்ட விமானங்கள் பாதிக்கப்பட்டன. மின்சாரம் திரும்பியதும் கணு திரும்பிவிட்டது. ஆனால் விமானங்கள் எங்கோ, விமானிகள் வேறெங்கோ, அவர்களின் கட்டாய ஓய்வு நேரம் இன்னொரு கணக்கு. ஹீத்ரோவுக்கு இரண்டே ஓடுதளம், வருடத்துக்கு 4,80,000 விமான இயக்கங்கள் என்ற உச்சவரம்பு. அந்த வரம்பை ஏறக்குறைய தொட்டுக்கொண்டே ஓடுகிற நிலையம் அது. விட்டதைப் பிடிக்கக் காலி நேரம் கிடையாது. வரைபடத்தில் "வேறு வழி இருக்கிறது" என்பது உண்மைதான். அந்த வழியில் காலி இருக்கை இருக்கிறதா என்று வரைபடத்துக்குத் தெரியாது.

டிக்கெட்டும் அப்படித்தான். இரண்டு கோடுகள் ஒரு கணுவில் சந்திக்கலாம். ஆனால் இரண்டு நிறுவனங்களுக்கும் உடன்பாடு இல்லையென்றால், பெட்டியை எடுத்து, குடியேற்றம் தாண்டி, மறுபடி செக்-இன் செய்யவேண்டும். விசா இல்லாதவருக்கு அந்தக் கணு ஒரு சுவர். பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பொறுத்து வலைப்பின்னல் மாறுகிறது. ஒரு ஐரோப்பியருக்கு இருக்கும் உலக வரைபடமும் என் சித்தி பையனுக்கு இருக்கும் உலக வரைபடமும் ஒன்றில்லை.

பட்டியல்கள் சொல்வதும் சொல்லாததும்

கட்டுரைகளை விட்டுவிட்டுச் செய்தித்தாளுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். "உலகின் பிஸியான விமான நிலையம்" என்று வருடா வருடம் பட்டியல் வரும். 2024இல் அட்லாண்டா 10.8 கோடி, துபாய் 9.2 கோடி பயணிகள். இந்த எண்ணிக்கை ஏறுகிறவர், இறங்குகிறவர் இருவரையும் கூட்டுவது. விமானம் மாறிப் போகிறவர் ஒரே ஆளாக இருந்தாலும் இரண்டு முறை எண்ணப்படுகிறார். எனவே ஹப்களுக்கு எண்ணிக்கை தானாகவே வீங்கும்.

வீக்கம் ஒருபுறம் இருக்க, இந்த இரண்டும் ஒரே ஜாதியே அல்ல. அட்லாண்டாவின் பெரும்பகுதி உள்நாட்டுப் பயணம். ஒரு பெரிய நாட்டுக்குள் ஊர்களைக் கோக்கும் நிலையம். துபாயில் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுப் பயணம். ஒரு நாட்டிலிருந்து மக்களைக் கொண்டுவந்து, தன் ஊரில் மாற்றி, மூன்றாவது நாட்டுக்கு அனுப்புவதுதான் தொழில். அதற்கு அடிப்படை 1944 சிகாகோ மாநாட்டுக்குப் பின் நாட்டுக்கு நாடு போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள். ஒரு நாடு "வாரத்துக்கு இத்தனை இருக்கைதான்" என்று சொன்னால் கோடு மெலியும். இஸ்தான்புல் இன்னொரு வகை: சிறிய, ஒற்றை நடைபாதை விமானங்களிலேயே ஐரோப்பா, மேற்கு ஆசியா, மத்திய ஆசியா எல்லாவற்றையும் தொட்டுவிடும் தூரம். சின்ன ஊர்களுக்கும் லாபமாகப் பறக்கலாம். மூன்று ஹப்கள், மூன்று வேறு காரணங்கள். பட்டியலில் மூன்றும் ஒரே பத்தியில் ஏறி இறங்கும் எண்கள்.

சின்ன நிலையங்களிலும் இதே. திருச்சியைப் பாருங்கள். பல வருடங்களாக அங்கே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா. திருச்சிக்காரருக்கு டெல்லியைவிடச் சிங்கப்பூர் பக்கம். "இந்திய வலைப்பின்னலின் சிறு கணு" என்று அதைப் பெட்டிக்குள் போட்டால், அந்த நிலையம் ஏன் இருக்கிறது என்பதே புரியாமல் போய்விடும்.

இதெல்லாம் எதற்கு முக்கியம்?

ஆராய்ச்சியாளர் தப்பாக எண்ணினால் என்ன, கட்டுரைதானே என்று தோன்றலாம். ஆனால் "ஹப்" என்ற சொல்லை வைத்து நிலம் எடுக்கிறார்கள். இங்கேதான் எனக்குப் பயம்.

கனடாவின் மொன்றியால் கதையைச் சொல்கிறேன். 1969இல் மத்திய அரசு மிராபெல் என்ற இடத்தில் பிரம்மாண்டமான புது விமான நிலையத்தை அறிவித்தது. கையகப்படுத்தியது சுமார் 97,000 ஏக்கர். பெரும்பாலும் நல்ல விவசாய நிலம். ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் நிலத்தை இழந்தன. ஐரோப்பாவுக்கான கனடாவின் வாசல் இதுவாகத்தான் இருக்கும் என்றார்கள். வரைபடத்தைப் பார்த்தால் நியாயமாகவே பட்டிருக்கும்.

1975இல் திறந்தார்கள். வெளிநாட்டு விமானங்கள் மிராபெலுக்கு, உள்நாட்டு, அமெரிக்க விமானங்கள் பழைய டோர்வாலிலேயே. இரண்டுக்கும் நடுவே பயணிகள் சாலை வழியாகப் போகவேண்டும். பேசப்பட்ட ரயில் வரவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்து கனடாவின் இன்னோர் ஊருக்குப் போகிறவர் எதற்கு இந்தத் தொல்லையை ஏற்கிறார்? டொராண்டோவில் இறங்கினார். தூரம் பறக்கும் விமானங்கள் வந்ததும் மொன்றியாலில் நிற்கவேண்டிய அவசியமும் குறைந்தது. பொருளாதாரமும் டொராண்டோ பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. 1997இல் வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் டோர்வாலுக்கே திரும்ப ஆரம்பித்தன. 2004 அக்டோபர் 31 அன்று மிராபெலிலிருந்து கடைசிப் பயணிகள் விமானம். 2014இல் முனையக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். சரக்கு விமானமும் விமானத் தொழிற்சாலையும் இன்று அங்கே உண்டு. நிலத்தின் பெரும்பகுதி பின்னர் திருப்பித் தரப்பட்டது. போன வருடங்களைத் திருப்பித் தர முடியவில்லை.

கோடு எண்ணுகிற கண்ணுக்கு மொன்றியால் ஒரே கணு. கிமெரா குழுவும் ஊரைத்தான் கணுவாக எடுத்தது, நிலையத்தை அல்ல. அந்தக் கேள்விக்கு அது சரியான தேர்வு. ஆனால் மிராபெல் செத்தது அந்தக் கணுவுக்கு உள்ளே, இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இருந்த சாலையில்.

இதைப் படிக்கும்போது நமக்குப் பரந்தூர் ஞாபகம் வராமல் இருக்காது. 2022இல் சென்னைக்கான இரண்டாவது விமான நிலையத்துக்கு அந்த இடம் அறிவிக்கப்பட்டது முதல் ஏகனாபுரம் மக்கள் போராடிவருகிறார்கள். பரந்தூர் இன்னொரு மிராபெல் ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஊர் வேறு, காலம் வேறு, சென்னையின் நெருக்கடியும் உண்மையானது. ஆனால் மீனம்பாக்கமும் தொடர்ந்து இயங்கும் என்றால், எந்த விமானங்கள் எங்கே, நடுவே எப்படி மாறுவது, எந்த நிறுவனம் அங்கே அலை அமைக்கப்போகிறது என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். "பெங்களூரு முந்திவிட்டது, ஹைதராபாத் முந்திவிட்டது" என்ற பட்டியல் வாதம் அந்தப் பதில் ஆகாது. ஏரியையும் வயலையும் கொடுக்கிறவர்களுக்கு, கோடு எண்ணிக்கையைவிடத் தெளிவான கணக்கைக் காட்டும் கடமை இருக்கிறது.

அப்படியானால் இந்த ஆய்வுகள் வேண்டாமா?

வேண்டும். கேள்விக்கு ஏற்ற எடையைக் கோட்டுக்குக் கொடுத்தால், இதே முறை அற்புதமாக வேலை செய்கிறது. நல்ல உதாரணம் டிர்க் ப்ரோக்மனும் டிர்க் ஹெல்பிங்கும் 2013இல் சயின்ஸ் இதழில் எழுதியது. ஒரு ஊரிலிருந்து கிளம்புகிறவர்களில் எத்தனை பங்கு எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பதை வைத்து, அவர்கள் ஒரு புதிய "தூரத்தை" வரையறுத்தார்கள். நிறையப் பேர் போனால் பக்கம், குறைவாகப் போனால் தூரம், கிலோமீட்டருக்கு வேலையில்லை. 2003 சார்ஸ், 2009 பன்றிக்காய்ச்சல் இரண்டையும் அந்தத் தூரத்தில் வைத்துப் பார்த்தால், சாதாரண வரைபடத்தில் தாறுமாறாகத் தெரிந்த பரவல், குளத்தில் கல் போட்ட மாதிரி ஒழுங்கான வட்டமாக விரிகிறது. தொற்றுக்குக் கனெக்‌ஷன் நேரம் முக்கியமில்லை, விசா பற்றி அது யோசிப்பதில்லை. ஆட்கள் எத்தனை என்பதே முக்கியம். அதனால் அந்த எளிமை அங்கே செல்லுபடியாகிறது.

அதே எளிமையைப் பயணிக்கும் விவசாயிக்கும் பொருத்தினால் செல்லாது. அடுத்த முறை அந்த மஞ்சள் கோட்டுப் படத்தைப் பார்க்கும்போது நாலு கேள்வி கேளுங்கள்: இது எந்த வருடத் தரவு? ஒரு கோட்டில் எத்தனை பேர்? இறங்கினால் எவ்வளவு நேரத்தில் ஏறலாம்? அந்தக் கோட்டை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?

என் பழைய நிரலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இப்போது அது விமான எண்ணிக்கையைச் சொல்வதில்லை. புறப்படும் நேரத்தைக் கேட்டுவிட்டு, போய்ச் சேரும் நேரத்தைச் சொல்கிறது. அட்டவணைத் தரவு இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதால் கையால் தட்டச்சிய ஒரு வாரம், பன்னிரண்டு ஊர்கள் மட்டும். படம் போட்டால் ஜொலிக்கவும் இல்லை. சித்தி பையனிடம் காட்டினேன். "இதை அப்பவே எழுதியிருக்கலாம்ல அண்ணே" என்றான்.